‘பிஹேவ் யுவர்செல்ஃப்’ சரி, ‘சிட் யுவர்செல்ஃப்’ ஏன் தப்பு? நான்கு இலவச அகராதிகள், ஒரு சோதனை

தமிழில் ‘கொள்’ என்ற துணைவினை இருப்பதால் நமக்கு ஒரு சௌகரியமும் உண்டு, ஒரு தொல்லையும் உண்டு. நடந்துகொள், அறிமுகப்படுத்திக்கொள், தயார்ப்படுத்திக்கொள், வெட்டிக்கொள், உட்கார்ந்துகொள் என்று எதோடும் ஒட்டிவிடலாம். இந்த ஐந்தையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் ஐந்தும் ஐந்து திசையில் போகும். ‘பிஹேவ்’ வினைக்கு ‘யுவர்செல்ஃப்’ சேர்க்கலாம், விடலாம். ‘இன்ட்ரொட்யூஸ்’ அது இல்லாமல் நிற்காது. ‘ப்ரிப்பேர்’ அதைச் சேர்த்தால் பொருள் மாறும். ‘கட்’ வினையில் அதை விட்டால் யாரை வெட்டினான் என்ற கேள்வி வரும். ‘சிட்’ வினையில் சேர்த்தால் பிழை.

கையில் இருக்கும் ஆங்கிலம்–தமிழ் அகராதி இந்த இடத்தில் உதவாது. அது பொருளைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ‘பிஹேவ்’ என்றால் ‘நடந்துகொள்’, அவ்வளவுதான். பின்னால் பிரதிப்பெயர் வருமா, அதற்குப் பின்னால் வினையடை வருமா, இரண்டும் வந்தால் எது முதலில் என்பதெல்லாம் அதில் இருக்காது. இதற்கென்றே செய்யப்பட்டவை ‘லேர்னர்ஸ் டிக்‌ஷனரி’ எனப்படும், ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்பவர்களுக்கான ஆங்கிலம்–ஆங்கில அகராதிகள். ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மன், கோபில்ட், கேம்பிரிட்ஜ் நான்கையும் இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். இங்கே அவற்றை ஒரே ஒரு விஷயத்தை வைத்து மட்டும் உரசிப் பார்க்கிறோம்: வினை + ‘செல்ஃப்’ (‘மைசெல்ஃப்’, ‘யுவர்செல்ஃப்’ மாதிரிச் சொற்கள்) + வினையடை. உச்சரிப்பு, படம், சொல் விளையாட்டு எதையும் இங்கே பார்க்கவில்லை.

கேள்விகள் மூன்று. ‘செல்ஃப்’ கட்டாயமா, விருப்பமா, கூடாதா என்று அகராதி காட்டுகிறதா? ‘செல்ஃப்’ போட்ட பிறகும் வாக்கியம் முடியாமல் இன்னொரு சொல் கேட்கும் இடங்களைச் சொல்கிறதா? சொற்களின் வரிசையைச் சொல்கிறதா?

முதலில் ஆக்ஸ்ஃபோர்டு. ஏ. எஸ். ஹார்ன்பி, ஜப்பானிய மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்த அனுபவத்திலிருந்து உருவாக்கிய அகராதியின் வாரிசு இது. 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது, 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை மறுபடி பதிப்பித்தது. ஒரு வினைக்குப் பின்னால் என்னென்ன வரலாம் என்பதை வாய்பாடாகக் காட்டும் பழக்கம் அன்றே தொடங்கியது. அந்தப் பழக்கத்தின் பலன் ‘கண்டக்ட்’ என்ற சொல்லில் பளிச்சென்று தெரியும்.

தேடும்போது முதலில் பெயர்ச்சொல் வந்து நின்றால் வினைக்கு மாறிக்கொள்ளுங்கள். இரண்டும் எழுத்தில் ஒன்று, அழுத்தம் வேறு: பெயர்ச்சொல்லில் முதல் அசையில், வினையில் இரண்டாம் அசையில். வினைப் பக்கத்தில் கீழே இறங்கினால் ‘கண்டக்ட் யுவர்செல்ஃப்’ என்றும், அதை ஒட்டி ஒரு கூட்டல் குறியோடு ‘அட்வ்./ப்ரெப்.’ என்றும் இருக்கும். பெரும்பாலோர் இந்தச் சின்ன எழுத்தைத் தாண்டி நேராக விளக்கத்துக்குப் போய்விடுவார்கள். இந்தத் தலைப்பில் முழு விஷயமும் அந்தச் சின்ன எழுத்தில்தான் இருக்கிறது. இந்தப் பொருளில் வினை வந்தால் பின்னால் வினையடையோ, ‘வித்’, ‘லைக்’ போன்ற முன்னிடைச்சொல்லில் தொடங்கும் தொடரோ வந்தே ஆக வேண்டும் என்று அது சொல்கிறது. ‘ஹீ கண்டக்டட் ஹிம்செல்ஃப்’ என்று முற்றுப்புள்ளி வைத்தால் ‘அவர் நடந்துகொண்டார்’ என்பதுபோல் தொங்கும். எப்படி நடந்துகொண்டார்? ‘வெல்’, ‘வித் டிக்னிட்டி’, ‘லைக் எ ஜென்டில்மன்’ என்று ஏதாவது வேண்டும். தமிழிலும் அது தொங்குகிறது என்பதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

இந்தக் குறியில் ஒரு ஓட்டையும் உண்டு. அது வினையடையின் வகையைச் சொல்லாது. ‘அட் தி இன்டர்வியூ’ என்பதும் முன்னிடைச்சொல் தொடர்தானே என்று ‘ஷீ கண்டக்டட் ஹெர்செல்ஃப் அட் தி இன்டர்வியூ’ என்று எழுதிவிடலாம். குறிக்குப் பொருந்துகிறது, வாக்கியம் இன்னும் நொண்டுகிறது. வேண்டியது இடமல்ல, விதம். அதைத் தெரிந்துகொள்ள விளக்கத்தையும் படிக்க வேண்டும். ‘இன் எ பர்டிகுலர் வே’ என்ற மூன்று நான்கு சொற்கள் விளக்கத்தில் தென்பட்டால், விதம் கூறும் சொல் கட்டாயம் என்று எடுத்துக்கொள்ளலாம். குறியையும் விளக்கத்தையும் சேர்த்தே படியுங்கள்.

இன்னொரு உதாரணம் ‘அக்விட்’. நம் அகராதிகளில் முதலில் வருவது நீதிமன்றப் பொருள், ‘குற்றமற்றவர் என விடுதலை செய்’. அதை மட்டும் தெரிந்தவர் கிரிக்கெட் செய்தியில் ‘தி யங் பௌலர் அக்விட்டட் ஹிம்செல்ஃப் வெல்’ என்று படித்தால், பையன் எந்த வழக்கில் மாட்டினான் என்று தேடுவார். ஆக்ஸ்ஃபோர்டு இதைத் தனிச் சொற்றொடராகப் பிரித்து, ‘யுவர்செல்ஃப்’ என்பதற்குப் பின்னால் ‘வெல், பேட்லி, எட்செட்ரா’ என்று சேர்த்தே அச்சிடுகிறது. அந்த ‘எட்செட்ரா’ அதே ஜாதி வினையடை எதையும் போடலாம் என்பதற்கான குறிப்பு. ‘ஹானரப்ளி’, ‘அட்மிரப்ளி’ போடலாம். ஒன்றுமே போடாமல் விட்டால் பையன் மறுபடி நீதிமன்றத்துக்கே போய்விடுவான்.

ஆக்ஸ்ஃபோர்டு அசத்துவது ‘பிஹேவ்’ பதிவில். இரண்டு பொருள்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. ஒன்று, ஏதோ ஒரு விதத்தில் நடந்துகொள்வது. இதற்கு வினையடை வேண்டும், ‘செல்ஃப்’ வேண்டாம்: ‘ஹீ பிஹேவ்ட் பேட்லி’. மற்றது, ஒழுங்காக நடந்துகொள்வது. இதற்கு ‘செல்ஃப்’ போடலாம், விடலாம், வினையடை வேண்டாம்: ‘பிஹேவ் யுவர்செல்ஃப்’, வெறும் ‘பிஹேவ்’. ‘நன்றாக’ என்ற பொருள் உள்ளேயே ஊறிக் கிடப்பதால் ‘பிஹேவ் யுவர்செல்ஃப் வெல்’ என்று சொன்னால் தேங்காய்ப் பாலில் தேங்காய் துருவிப் போட்ட மாதிரி ஆகும். ‘ஒழுங்கா நடந்துக்கோ’ என்பதில் நாம் ‘ஒழுங்கா’ என்ற சொல்லையும் ‘கோ’ என்ற ஒட்டையும் சேர்த்தே சொல்லிப் பழகியவர்கள், ஆங்கிலத்திலும் இரண்டையும் சேர்த்துவிடுகிறோம். அங்கே இரண்டில் ஒன்றுதான். இந்த ஒரு பதிவை நிதானமாகப் படித்தால் இந்தப் பாடத்தின் கால்பங்கு கைவசமாகும்.

அடுத்தது கோபில்ட். காலின்ஸ் தளத்துக்குள் இருப்பது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில், கணினியில் சேர்த்த உண்மையான உரைகளின் தொகுப்பிலிருந்து பிறந்தது, முதல் பதிப்பு 1987. இதன் தனி அடையாளம் விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதுவது. ‘என்ஜாய்’ என்பதற்கு ‘இன்பம் பெறுதல்’ என்பதுபோல் துண்டு துண்டாகச் சொல்லாது. ‘இஃப் யூ என்ஜாய் யுவர்செல்ஃப்’ என்று தொடங்கும். விளக்கத்தைப் படித்து முடிக்கும்போதே, வினை எப்படி உடுத்திக்கொண்டு வெளியே வரும் என்பது கண்ணில் பட்டுவிடும். குறியீடு படிக்கச் சோம்பேறித்தனம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல அகராதி இல்லை.

‘என்ஜாய்’ நமக்கு நித்திய கண்டம். ‘வீ என்ஜாய்ட் எ லாட்’ என்பது இந்திய ஆங்கிலத்தில் அன்றாடப் பேச்சு. பொது ஆங்கிலத்தில் எதை என்று சொல்ல வேண்டும், அல்லது ‘அவர்செல்வ்ஸ்’ போட வேண்டும்: ‘வீ என்ஜாய்ட் தி ட்ரிப்’, ‘வீ என்ஜாய்ட் அவர்செல்வ்ஸ்’. விதிவிலக்கு ஒன்றுதான், சாப்பாட்டை வைத்துவிட்டுச் சொல்லும் தனி ‘என்ஜாய்!’. எந்தத் தேர்விலாவது கடிதத்தில் ‘வீ என்ஜாய்ட் எ லாட்’ என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

கோபில்ட் உதாரண வாக்கியங்களுக்குப் பக்கத்தில் வாய்பாட்டையும் தருகிறது. ‘வெர்ப்’, அடுத்து ‘ப்ரோநவுன்-ரிஃப்ளெக்சிவ்’ (நம் ‘செல்ஃப்’ சொல்தான்), தேவைப்பட்டால் அதன் பின் ‘அட்வெர்ப்’ அல்லது குறிப்பிட்ட முன்னிடைச்சொல். காலின்ஸின் இலக்கணப் பகுதியில் ஒரே வாய்பாட்டில் வரும் வினைகளைப் பொருள் வாரியாகக் கூட்டம் சேர்த்து வைத்திருக்கிறார்கள். 1996இல் இதற்கென ஒரு நூலே வந்தது. சொல்லிலிருந்து வாய்பாட்டுக்கு மட்டுமல்ல, வாய்பாட்டிலிருந்து சொற்களுக்கும் போகலாம் என்ற வசதி மற்ற மூன்றிலும் இந்த அளவுக்குக் கிடையாது. ஆசிரியர்களுக்கு இது புதையல். பத்தாம் வகுப்பு மாணவருக்குத் தலை சுற்றும்.

குறைகள் இரண்டு. காலின்ஸ் பக்கத்தில் கோபில்ட் பதிவுக்குக் கீழே பிரிட்டிஷ், அமெரிக்க அகராதிகளின் பதிவுகளும் அடுத்தடுத்து வரும். அவை தாய்மொழிக்காரர்களுக்கானவை. வேகமாக இறங்கினால் அதில் போய் விழுந்துவிடுவீர்கள், அங்கே ‘இஃப் யூ’ கிடையாது. இரண்டாவது, ‘சம்ஒன்’ என்று தொடங்கும் விளக்கங்களில் ஒருமைக்கும் ‘தெம்செல்வ்ஸ்’ வரும். ஆணா பெண்ணா என்று சொல்லாமலிருக்க ஆங்கிலம் செய்யும் ஏற்பாடு அது. அதைப் பார்த்து ‘ஹீ அக்விட்டட் தெம்செல்வ்ஸ்’ என்று எழுதக்கூடாது.

இதே வழுக்கல் எல்லா அகராதியிலும் உண்டு. தலைப்பில் ‘யுவர்செல்ஃப்’ என்றோ ‘ஒன்செல்ஃப்’ என்றோ அச்சிட்டிருப்பது வெற்றிடத்தின் பெயர். எழுவாயைப் பார்த்து நாம்தான் நிரப்ப வேண்டும். ‘மைசெல்ஃப், யுவர்செல்ஃப், ஹிம்செல்ஃப், ஹெர்செல்ஃப், இட்செல்ஃப்’, பன்மையில் ‘அவர்செல்வ்ஸ், யுவர்செல்வ்ஸ், தெம்செல்வ்ஸ்’. ஒரு பிள்ளையை அதட்டினால் ‘பிஹேவ் யுவர்செல்ஃப்’, வகுப்பையே அதட்டினால் ‘யுவர்செல்வ்ஸ்’. மரியாதைக்காக ஒருவரை ‘நீங்கள்’ என்று அழைக்கும் நாம், அதே மரியாதையை நினைத்து ஒருவருக்கு ‘யுவர்செல்வ்ஸ்’ போட்டுவிடுகிறோம். ஆங்கிலம் அங்கே தலையை மட்டும்தான் எண்ணும்.

லாங்மனுக்கு வருவோம். 1978இல் முதல் பதிப்பு. ஏறக்குறைய 2000 சொற்களுக்குள் எல்லா விளக்கங்களையும் எழுதுவது என்ற கட்டுப்பாட்டால் பெயர் வாங்கியது. படிக்க நான்கிலும் எளியது. ‘ஆல்வேஸ்’ என்று தொடங்கி ‘அட்வெர்ப்/ப்ரெப்பொசிஷன்’ என்று முடியும் குறி, ஆக்ஸ்ஃபோர்டின் கூட்டல் குறியைவிட வாய்விட்டுப் பேசும்: எப்போதும் வேண்டும் என்றே எழுதிவிடுகிறார்கள்.

லாங்மனைத் திறக்க வேண்டிய இடம் கூட்டுவினை. ‘டுகெதர்’, ‘அவே’, ‘அவுட்’, ‘அப்’ மாதிரிச் சிறு வினையடைகள் ஒட்டிய வினைகள். இங்கே வரிசைச் சிக்கல் வரும். ‘புல் யுவர்செல்ஃப் டுகெதர்’ என்றால் மனதைத் தேற்றிக்கொண்டு நிமிர்ந்து நில். ‘டேர் யுவர்செல்ஃப் அவே’ என்றால் விட மனமில்லாத ஒன்றிலிருந்து பிய்த்துக்கொண்டு வா. ‘லெட் யுவர்செல்ஃப் இன்’ என்றால் சாவி இருக்கிறது, நீயே திறந்து உள்ளே போ. மூன்றிலும் ‘செல்ஃப்’ நடுவில்தான். ‘புல் டுகெதர் யுவர்செல்ஃப்’ என்பது எந்தக் காலத்திலும் கிடையாது.

ஆனால் ‘லுக் ஆஃப்டர் யுவர்செல்ஃப்’, ‘பிலீவ் இன் யுவர்செல்ஃப்’ இரண்டிலும் ‘செல்ஃப்’ கடைசியில். காரணம், அந்த ‘ஆஃப்டர்’, ‘இன்’ இரண்டும் முன்னிடைச்சொற்கள். தன் பின்னால் வரும் பெயரைப் பிடித்துக்கொள்வதுதான் அவற்றின் வேலை. ‘டுகெதர்’, ‘அவே’ வினையடைகள், எந்தப் பெயரையும் பிடிக்காது. ‘லெட் யுவர்செல்ஃப் இன்’ என்பதில் வரும் ‘இன்’ வினையடை, ‘பிலீவ் இன்’ என்பதில் வரும் ‘இன்’ முன்னிடைச்சொல். ஒரே எழுத்து, இரண்டு உத்தியோகம். பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? லாங்மன் கூட்டுவினைத் தலைப்பில் இருபக்க அம்புக்குறி இருந்தால் பெயர்ச்சொல் அம்புக்கு இருபுறமும் போகலாம், வினையடை வகை. அப்படி அம்பு உள்ள இடத்திலும் பிரதிப்பெயர் மட்டும் நடுவை விட்டு அசையாது. அம்பு இல்லாமல் ‘சம்பொடி/சம்திங்’ கடைசியில் நின்றால் அங்கேதான் ‘செல்ஃப்’ நிற்கும். தலைப்பிலேயே ‘யுவர்செல்ஃப்’ நடுவில் அச்சாகியிருந்தால் கேள்வியே இல்லை, அப்படியே எழுதுங்கள்.

கேம்பிரிட்ஜைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அகராதிப் பதிவுகள் ஒழுங்கானவை, ஆங்கிலம்–தமிழ் பகுதியும் அதே தளத்தில் உண்டு. இந்த வேலைக்கு அந்தத் தமிழ்ப் பகுதி வேண்டாம், மேலே சொன்ன அதே ‘பொருள் மட்டும்’ சிக்கல். அதன் இலக்கணப் பகுதியில் ‘ரிஃப்ளெக்சிவ்’ பிரதிப்பெயர்கள் பற்றிய பக்கத்தை மட்டும் ஒரு முறை முழுதாகப் படியுங்கள்.

கூகுளில் சொல்லைத் தட்டியதும் மேலே வரும் பெட்டியும் ஆக்ஸ்ஃபோர்டு கொடுப்பதுதான், ஆனால் கற்பவர்களுக்கான அகராதி அல்ல. ‘கண்டக்ட் ஒன்செல்ஃப்’ என்று காட்டி ‘பிஹேவ் இன் எ ஸ்பெசிஃபைட் வே’ என்று விளக்கும். அந்த ‘ஸ்பெசிஃபைட்’ என்ற ஒரு சொல்லுக்குள்தான் ‘வினையடை கட்டாயம்’ என்ற விதி ஒளிந்திருக்கிறது. தெரிந்தவருக்கு அது போதும், தெரியாதவர் அதைக் கவனிக்கவே மாட்டார்.

இனி, நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டிய சில சொற்கள். ‘அவெயில்’ முதலாவது. வங்கி விளம்பரத்திலிருந்து விடுப்பு விண்ணப்பம் வரை நாம் ‘அவெயில் தி ஆஃபர்’, ‘அவெயில் லீவ்’ என்று எழுதுகிறோம். பொது ஆங்கிலத்தில் அது ‘அவெயில் யுவர்செல்ஃப் ஆஃப்’. ‘செல்ஃப்’ வேண்டும், ‘ஆஃப்’ வேண்டும், இரண்டில் எதை விட்டாலும் சரியில்லை. ‘தி ஆஃபர் கேன் பி அவெயில்ட்’ என்ற செயப்பாட்டு வடிவத்துக்கும் இடமில்லை. வினைப் பதிவின் கடைசியில் கூட்டுவினைப் பகுதியில் தேடுங்கள். பக்கத்திலேயே ‘ஃபார்மல்’ என்ற முத்திரை இருக்கும். கடைக்குப் போய்த் தள்ளுபடி வாங்கியதைச் சொல்ல இவ்வளவு பட்டுவேட்டி வேண்டாம், ‘யூஸ்’ போதும். ‘ப்ரைட் யுவர்செல்ஃப் ஆன்’ இதே கட்டுமானம்தான், முன்னிடைச்சொல் மட்டும் வேறு. ‘ப்ரௌட் ஆஃப்’ பழக்கத்தில் இங்கேயும் ‘ஆஃப்’ வந்துவிடும், கவனம்.

‘ப்ரிப்பேர்’ நுணுக்கமானது. தேர்வுக்குப் படிப்பது ‘ப்ரிப்பேர் ஃபார்’. ‘ப்ரிப்பேர் யுவர்செல்ஃப் ஃபார்’ என்றால் மனதைத் திடப்படுத்திக்கொள்வது, வரப்போவது பெரும்பாலும் கெட்ட சேதி. ‘ஐ ஆம் ப்ரிப்பேரிங் மைசெல்ஃப் ஃபார் தி எக்ஸாம்’ என்றால் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் தேர்வில் தோற்கப் போகிறவர் பேசுகிற மாதிரி கேட்கும்.

‘வாஷ்’, ‘ஷேவ்’, ‘ட்ரெஸ்’ மூன்றுக்கும் ‘செல்ஃப்’ சாதாரணமாக வேண்டாம். தானாகச் செய்துகொள்ள முடிகிறதா என்பதே பேச்சாக இருந்தால்தான் வரும்: மூன்று வயதுப் பிள்ளை தானே உடை மாட்டிக்கொள்கிறது, படுக்கையிலிருக்கும் பாட்டியால் தானாகக் குளிக்க முடியவில்லை. ‘ரிலாக்ஸ்’, ‘கான்சன்ட்ரேட்’, ‘ஹரி’, ‘கெட் அப்’, ‘சிட்’ வகைக்கு அதுவும் கிடையாது. அகராதியில் ‘இன்ட்ரான்சிட்டிவ்’ (செயப்படுபொருள் ஏற்காதது) என்ற குறி மட்டும் இருந்து, எந்த உதாரணத்திலும் ‘செல்ஃப்’ தென்படாவிட்டால் சேர்க்காதீர்கள். ‘சீட்’ என்பது வேறு வினை, அதற்கு ‘சீட் யுவர்செல்ஃப்’ உண்டு.

அழகான விதிவிலக்கு ‘க்ரை’. அழுவதற்குச் செயப்படுபொருள் ஏது? ஆனாலும் ‘ஷீ க்ரைட் ஹெர்செல்ஃப் டு ஸ்லீப்’. அழுது அழுதே தூங்கிப்போனாள். கடைசியில் என்ன ஆனாள் என்பதைச் சொல்லத்தான் ‘ஹெர்செல்ஃப்’ வந்து நாற்காலி போட்டு உட்கார்கிறது. ‘டு ஸ்லீப்’ பகுதியை எடுத்தால் ‘ஹெர்செல்ஃப்’ நிற்காது. ‘ஷவுட்டட் ஹிம்செல்ஃப் ஹோர்ஸ்’, தொண்டை கட்டும்வரை கத்தினான், அதே கட்டுமானம். தமிழில் ‘அழுது அழுதே’ என்று வினையை இரட்டித்துச் செய்வதை ஆங்கிலம் ‘செல்ஃப்’ வைத்துச் செய்கிறது. தேடும்போது ‘ஸ்லீப்’ பக்கம் போகாமல் முதலில் ‘க்ரை’ வினையின் சொற்றொடர்ப் பகுதியைப் பாருங்கள்.

நான்கும் கைவிடும் இடங்களும் உண்டு. சாதாரண வினையடையின் இடத்தை எதுவும் விதியாகச் சொல்வதில்லை. ‘எக்ஸ்பிரஸ் யுவர்செல்ஃப் க்ளியர்லி’ சரி, ‘க்ளியர்லி எக்ஸ்பிரஸ் யுவர்செல்ஃப்’ கூட நடக்கும், ‘எக்ஸ்பிரஸ் க்ளியர்லி யுவர்செல்ஃப்’ நடக்காது. வினைக்கும் ‘செல்ஃப்’ சொல்லுக்கும் நடுவில் ஈ புகுந்தாலும் தப்பு. உதாரண வாக்கியங்களிலிருந்து நாமேதான் இதைப் பிரித்தெடுக்க வேண்டும். அதேபோல, ‘அவன் தன் பக்கத்தில் பையை வைத்தான்’ என்பதில் நமக்குத் ‘தன்’ வருகிறது. ஆங்கிலத்தில் ‘பிசைட் ஹிம்’ தான். ‘டேக் அன் அம்ப்ரெல்லா வித் யூ’, ‘ஷீ லுக்ட் பிஹைண்ட் ஹெர்’ எல்லாம் அப்படியே. இடம் காட்டும் முன்னிடைச்சொல்லுக்குப் பின், ஆளைக் குழப்ப வழியில்லை என்றால் ‘செல்ஃப்’ வராது. இதற்கு அகராதி அல்ல, இலக்கண நூல் வேண்டும்.

இதற்காக ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் ஆக்ஸ்ஃபோர்டு. எழுதப் போவதற்கு முன் வினையடை கட்டாயமா என்று பார்க்க அதை மிஞ்ச ஆளில்லை. படித்த வாக்கியம் புரியவில்லை என்றால் கோபில்ட். கூட்டுவினை என்றால் லாங்மன். ஆக்ஸ்ஃபோர்டிலும் கோபில்டிலும் ஒரே சொல்லைத் திறந்து, இரண்டும் ‘செல்ஃப்’ போட்டிருந்தால் துணிந்து எழுதலாம். ஒன்றில் மட்டும் இருந்தால் அது விருப்பம் என்று கொள்ளலாம், விட்டால் பெரும்பாலும் பாதகமில்லை.

‘மைசெல்ஃப் ரவி’ என்று ஆரம்பிக்கும் வழக்கத்துக்கு மட்டும் எந்த அகராதியும் சிவப்புக் கோடு போட்டு எச்சரிக்காது. ‘மைசெல்ஃப்’ பதிவைத் திறந்தால் செயப்படுபொருளாக வருவது, அழுத்தத்துக்கு வருவது, ‘பை மைசெல்ஃப்’ என்று தனியாக வருவது எல்லாம் இருக்கும். எழுவாயாகத் தனியே நின்று பெயர் சொல்வது இருக்காது. ‘லெட் மி இன்ட்ரொட்யூஸ் மைசெல்ஃப்’ என்று சொல்லி, அடுத்த வாக்கியத்தை ‘ஐ ஆம்’ என்று தொடங்க வேண்டியதுதான்.